பித்தளையைத் துலக்கினீர்கள், சாட்டையை எங்கே வைத்தீர்கள்?

பெரு நாட்டின் அமேசான் காட்டுக்குள் இக்கிட்டோஸ் என்றொரு நகரம் இருக்கிறது. லட்சக்கணக்கானோர் வாழும் ஊர். ஆனால் வெளியிலிருந்து அதற்குச் சாலை கிடையாது. விமானத்தில் வந்து இறங்கலாம், இல்லையென்றால் ஆற்றுவழி. ஊரிலிருந்து கிளம்பும் ஒரே நெடுஞ்சாலையும் சுமார் நூறு கிலோமீட்டர் ஓடி, மரான்யோன் ஆற்றங்கரையில் நவுட்டா என்ற சிற்றூரில் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் எல்லாம் படகுதான்.

அந்தப் படகுகளில் ஒருவகையைப் பற்றியே இந்தக் கட்டுரை. ரப்பர் காலத்தில் ஓடிய பழைய ஆற்றுக் கப்பல்களைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, மரத்தளத்தை மாற்றி, பித்தளைக் கைப்பிடிகளைத் துலக்கி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மழைக்காட்டுக்குள் கூட்டிப்போகும் தொழில் அங்கே சில பத்தாண்டுகளாக வளர்ந்திருக்கிறது. 'அயாப்புவா' என்ற கப்பல் 1906இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கட்டப்பட்டது. ரப்பர் யுகத்தில் பிறந்த அது, நூறாண்டு கழித்துப் புதுப்பிக்கப்பட்டு, பக்காயா-சமீரியா காப்பகத்துக்குள் இயற்கை ஆர்வலர்களைச் சுமந்தது. இப்போது இக்கிட்டோஸ் கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அது அருங்காட்சியகமானதில் எனக்குக் குறையில்லை. அருங்காட்சியகத்திலாவது பேச ஒரு சுவர் இருக்கும். என் சண்டை ஓடிக்கொண்டிருப்பவற்றோடு. பழைய கப்பல் கிடைக்காதவர்கள் புதுக் கப்பலையே பழைய சாயலில் கட்டிக்கொள்கிறார்கள் என்பதிலிருந்து அந்தச் சாயலுக்குச் சந்தையில் என்ன விலை என்று புரிந்துகொள்ளலாம்.

காலையில் இளஞ்சிவப்பு நிற ஆற்று டால்பின்கள். பகலில் மரக்கிளையில் தேவாங்குபோல் தொங்கும் மூவிரல் சோம்பேறிக் கரடி, ஐந்தவர்ணக் கிளிகள், சிவந்த முகமுள்ள உக்காரிக் குரங்கு. இரவில் டார்ச் வெளிச்சத்தில் முதலைகளின் கண்கள். நடுவே மேல்தளத்து நாற்காலியில் சாய்ந்து, ரப்பர் சீமான்கள் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு வாரம் வாழ்ந்து பார்க்கலாம் என்பது விற்பனைப் பேச்சு. 'பொற்காலம்', 'கம்பீரம்', 'மறைந்துபோன ஒரு யுகத்தின் அழகு' போன்ற சொற்கள் இந்தத் துறையில் தாராளமாகப் புழங்குகின்றன.

எனக்கு டால்பின்களோடு தகராறில்லை. அந்தப் பொற்காலத்தோடு இருக்கிறது. யாருக்குப் பொன்?

ஒரு கப்பலைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். எந்த ஊரில் கட்டினார்கள், எத்தனை அடி நீளம், எஞ்சின் எந்த நிறுவனத்தது. ஆனால் கப்பல் என்பது சரக்கு ஏற்றும் சாதனம். எதை ஏற்றிக்கொண்டு போனது, எதை ஏற்றிக்கொண்டு வந்தது என்பதுதான் அதன் வரலாறு. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு லிவர்பூல் கப்பல் நிறுவனமொன்றில் எழுத்தராக இருந்த இ.டி. மோரல் கண்டுபிடித்தார். காங்கோவிலிருந்து கப்பல் கப்பலாக ரப்பரும் தந்தமும் வந்து இறங்குகின்றன; திரும்பிப்போகும் கப்பல்களில் அவற்றுக்கு ஈடான வணிகப் பொருள் எதுவும் இல்லை, துப்பாக்கியும் தோட்டாவும்தான் போகின்றன. அப்படியானால் அங்கே ரப்பர் சேகரிப்பவர்களுக்குக் கூலி எதுவும் போகவில்லை என்றுதானே பொருள்? காங்கோ மண்ணை மிதிக்காமல், சரக்குக் கணக்கைப் படித்தே அங்கே அடிமைமுறை நடக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார்.

அமேசான் படகுகளுக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. புதுப்பித்தவர்கள் எல்லாவற்றையும் புதுப்பித்தார்கள், அதைத் தவிர.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1880களிலிருந்து 1912 வரை, மிதிவண்டிக்கும் பிறகு மோட்டார் வண்டிக்கும் டயர் வேண்டும் என்று உலகம் ரப்பரைக் கேட்டது. அப்போது ரப்பர் மரம் தோட்டப் பயிர் அல்ல. காட்டுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும். அதைத் தேடிப் பால் எடுக்கக் காட்டை அறிந்த ஆள் வேண்டும். காட்டை அறிந்தவர்கள் பழங்குடியினர். அவர்களுக்கு இந்த வேலையில் நாட்டமில்லை. எனவே பிடித்து வந்தார்கள். கிராமங்களைச் சுற்றி வளைத்து ஆட்களைப் பிடிக்கும் வேட்டைக்கு அங்கே 'கொரேரியா' என்று பெயரே இருந்தது.

தொப்பி விற்கும் குடும்பத்தில் பிறந்த ஹூலியோ செசார் அரானா, இக்கிட்டோஸின் பெரும் புள்ளி ஆனார். கொலம்பிய எல்லையை ஒட்டிய புட்டுமாயோ ஆற்றுப் பகுதி அவர் கைக்கு வந்தது. 1907இல் அவருடைய தொழில் லண்டனில் பதிவான ஆங்கிலேயக் கம்பெனி ஆனது. பத்து லட்சம் பவுண்டு மூலதனம், இயக்குநர் குழுவில் பட்டம் பெற்ற பிரிட்டிஷ் கனவான்கள். காட்டில் ஹுயிட்டோட்டோ, போரா, அந்தோக்கே, ஒக்காய்னா மக்கள். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட எடை ரப்பரோடு வந்து நிற்க வேண்டும். தராசு முள் போதிய இடத்துக்கு வரவில்லையென்றால், யாரும் சொல்லாமலே அந்த ஆள் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார் என்று அக்கால வாக்குமூலங்கள் சொல்கின்றன. சாட்டை டபிர் என்னும் காட்டு விலங்கின் தோலில் திரித்தது. முதுகில் அது விட்ட தழும்புக்கு 'அரானாவின் முத்திரை' என்று பெயர். கால்களைப் பூட்டும் மரத்தொழு ஒவ்வொரு நிலையத்திலும் இருந்தது. அடித்தும் சுட்டும் பட்டினி போட்டும் கொல்லப்பட்டவர்கள் முப்பதாயிரம் என்பது அக்காலத்திலேயே சொல்லப்பட்ட மதிப்பீடு.

இதை வெளியே கொண்டுவந்தவர் என்று உலகம் ரோஜர் கேஸ்மெண்டைக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் இந்த இணையதளத்தை வாசிக்கும் தோழர்கள் இன்னொரு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: பென்ஹமின் சல்தான்யா ரோக்கா. இக்கிட்டோஸிலேயே, அரானாவின் கோட்டைக்குள்ளேயே, 'லா சான்சியோன்', 'லா ஃபெல்பா' என்று இரண்டு சின்னஞ்சிறு பத்திரிகைகள் நடத்தியவர். 1907இல் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். நிலையத்திலிருந்து தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களை அச்சிட்டார். கொலைகாரர்களின் பெயரை அச்சில் போட்டார். நீதிமன்றம் அசையவில்லை. 1908 தொடக்கத்தில் ஊரைவிட்டே துரத்தப்பட்டார். அதே ஆண்டு அரானாவின் ஆட்களிடம் பிடிபட்டுத் தப்பிய அமெரிக்கப் பொறியாளர் வால்ட்டர் ஹார்டன்பர்க், ரோக்காவின் மகனிடமிருந்து அந்த ஆவணங்களைப் பெற்று லண்டனுக்குக் கொண்டுபோனார். 1909இல் லண்டன் வாரப் பத்திரிகையொன்று அதை வெளியிட்ட பிறகுதான் பிரிட்டிஷ் அரசு கண்ணைத் திறந்தது. ஒரு சிற்றூர்ப் பத்திரிகைக்காரர் உயிரைப் பணயம் வைத்து எழுதியது, வெள்ளைக்காரர் ஒருவர் கையில் ஏறி லண்டன் போனால்தான் செய்தியாகிறது. நம் சேரிகளில் நடந்தவை எப்படிச் செய்தியாகின்றன என்று அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

இதற்கு முன்பே கம்பெனியின் சார்பில் லண்டனிலிருந்து ஒரு கணக்காளர் புட்டுமாயோ போய் வந்திருந்தார். பேரேடுகளைப் பார்த்தார், குறையொன்றும் காணவில்லை. பிறகு அந்தக் கம்பெனிக்கே செயலாளர் ஆனார். 1910 செப்டம்பரில் கேஸ்மெண்ட் விசாரணைக்குப் புறப்பட்டபோது உடன்போன குழுவில் அவரும் இருந்தார். அவர்களை ஏற்றிச் சென்ற ஆற்றுக் கப்பலின் பெயர் 'லிபரல்'. கம்பெனியின் சொந்தக் கப்பல். ரப்பரை இறக்கிவரும் கப்பல், ஆயுதம் ஏற்றிப்போகும் கப்பல், விசாரணை அதிகாரிக்கும் அதுவே கப்பல். காட்டுக்குள் போக வேறு வழி கிடையாது. ஆற்றை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள்தான் காட்சியையும் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாட்டையை யார் பிடித்தார்கள்? அரானா லண்டனில் இருந்தார். நிலைய அதிகாரிகள் கமிஷன் கணக்குப் பார்த்தார்கள். அடித்தவர்களில் பலர் பார்படோஸ் தீவிலிருந்து 1904, 1905 ஆண்டுகளில் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட கறுப்பினத்தவர். அடிமைகளாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். அடிக்க மறுத்தால் அவர்களுக்கும் அடி. வந்து இறங்கியவுடன் கம்பெனிக் கடையில் கடன். அவர்களுக்கும் கீழே, பழங்குடிச் சிறுவர்களிலிருந்தே தேர்ந்தெடுத்துத் துப்பாக்கி கொடுத்து வளர்த்த 'முச்சாச்சோஸ்' என்ற கூட்டம். தன் இனத்தை விட்டுவிட்டு அடுத்த இனத்தை வேட்டையாட அனுப்பப்பட்டவர்கள். இந்த அடுக்கை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு அம்பேத்கர்தான் நினைவுக்கு வந்தார். சாதி என்பது மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள் மட்டும் அல்ல, ஒவ்வொரு தட்டுக்கும் கீழே மிதிக்க இன்னொரு தட்டு வைத்த படிநிலைச் சமத்துவமின்மை என்று அவர் விளக்கினார். புட்டுமாயோவில் நடந்தது சாதி அல்ல. அங்கே அதற்குத் தீட்டு இல்லை, சாத்திரம் இல்லை, ஆயிரமாண்டு அகமணம் இல்லை. எல்லாவற்றையும் சாதி என்று சொல்லிவிட்டால் சாதி என்ற சொல் நமக்குப் பயன்படாமல் போகும். ஆனால் சில நூறு பேர் பல்லாயிரம் பேரை எப்படி ஆள முடிகிறது என்ற கேள்விக்கு விடை இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

1912இல் கேஸ்மெண்டின் அறிக்கை வெளியானது, நாடாளுமன்றக் குழு விசாரித்தது, இயக்குநர்களின் அலட்சியத்தைக் கண்டித்தது, கம்பெனி மூடப்பட்டது. அரானா சிறைக்குப் போகவில்லை. 1922இல் பெருவின் செனட்டர் ஆனார், 1952வரை வாழ்ந்தார். கேஸ்மெண்டை அதே பிரிட்டிஷ் அரசு அயர்லாந்து விடுதலைக்காக 1916இல் தூக்கிலிட்டது. ரப்பர் யுகம் முடிந்தது.

அறிக்கையால் முடியவில்லை. நம்மால் முடிந்தது. இந்தப் பகுதியைத்தான் நான் ஐந்து ஆண்டுகளாக முனைவர் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானின் தப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை 'அமேசோனாஸ்' என்ற கப்பலில் ஏற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் சுமார் 1,900 கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன, ஹெனரத்கொடவில் நட்டார்கள். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. முப்பது ஆண்டு கழித்து மலேயா முழுக்கப் பால்மரம். 1913இல் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரைத் தாண்டியது. விலை சரிந்தது, இக்கிட்டோஸ் படுத்தது, கப்பல்கள் கரையில் துருப்பிடித்தன. இன்று யாரோ கண்டெடுத்துத் துலக்குகிறார்களே, அந்தத் துரு அன்றைக்குப் பிடித்ததுதான்.

அந்தத் தோட்ட ரப்பர் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது? வரிசையாக நட்டதால், பட்டையைச் சேதப்படுத்தாமல் பால் வெட்டும் முறையை சிங்கப்பூரில் ரிட்லி உருவாக்கியதால் என்று தாவரவியல் நூல்கள் சொல்லும். அதெல்லாம் சரி. விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டியது யார்? தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணி கூட்டிவந்த தமிழர்கள். அவர்களில் பெரும்பங்கு பறையரும் பள்ளரும். கங்காணிகளில் பலர் அவர்களுக்கு மேல் என்று சொல்லிக்கொண்ட சாதியினர். பல தோட்டங்களில் லயமும் தனித்தனி. கடல் தாண்டியும் சேரி பின்னாலேயே வந்தது. இலங்கையில் கங்காணி தன் ஆட்களின் கடனை எழுதிவைத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் புதுத் துரை அந்தத் துண்டுக்குப் பணம் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் மனிதர் பெயரில் இருக்கும், மனிதர் துண்டின் பெயரில் இருப்பார். 1921இல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். அமேசானில் இதே வேலையை முன்பணக் கடன் செய்தது. பாத்ரோன் எனப்படும் முதலாளி கத்தியும் துணியும் உப்பும் முன்கூட்டிக் கொடுப்பார், விலை அவர் வைத்ததே விலை, ரப்பருக்கும் அவர் சொன்னதே விலை. கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு வரும்.

ஆக, புட்டுமாயோவின் சாட்டையை லண்டன் மனசாட்சி நிறுத்திவிட்டது என்பது லண்டனுக்குப் பிடித்த கதை. அதைவிட மலிவாக, அதைவிடச் சத்தமில்லாமல், பேரேட்டில் அழகாக எழுதக்கூடிய ஒரு முறை ஆசியாவில் கிடைத்துவிட்டது. அந்த முறைக்கு ஆள் கொடுத்தது நம் ஊர்ச் சாதி. நிலமில்லாதவர்களாக வைத்திருந்து, பண்ணையாளாகக் கட்டிவைத்து, பஞ்சத்தில் தள்ளிவிட்டு, கங்காணி வந்து நின்றபோது "போனால் போ" என்றது. எங்கள் சேரியிலிருந்து நாகப்பட்டினம் போய்ப் பினாங்குக் கப்பலேறியவர்களில் என் தாத்தாவின் பெரியப்பாவும் ஒருவர். அவர் பெயர் குடும்பத்தில் இருக்கிறது, தோட்டத்தின் பெயர் இல்லை. நான் ஆவணக் காப்பகத்தில் தேடியதில் கப்பல்களின் பெயர் கிடைக்கிறது, துரைகளின் பெயர் கிடைக்கிறது, எந்த ஆண்டு எவ்வளவு பால் என்று பவுண்டுக் கணக்கு கிடைக்கிறது. இறங்கியவர்கள் தலை எண்ணிக்கையாக மட்டும் கிடைக்கிறார்கள்.

அதனால்தான் துலக்கிய பித்தளையைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. என் நெருங்கிய தோழர் ஒருவர், சூழலியல் செயல்பாட்டாளர், நல்ல மனிதர், இந்தப் பயணங்களுக்காக என்னோடு வாதாடினார். அவர் வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சில்லறை வாதம் அல்ல. காட்டை வெட்டுபவனும் எண்ணெய் எடுப்பவனும் பணத்தோடு நிற்கிறார்கள். காடு நிற்பதாலும் காசு வரும் என்று காட்டுவது சுற்றுலா ஒன்றுதான். பழைய கப்பலைப் புதுப்பித்தால் அந்த மரமும் இரும்பும் வீணாகவில்லை. பயணிகள் கட்டும் பணத்தில் விலங்குக் கணக்கெடுப்பு நடக்கிறது, உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கிறது. "எல்லாப் பழைய பொருளிலும் ரத்தம் இருக்கிறது, அதற்காக எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளிவிடுவதா?" என்று கேட்டார்.

தள்ள வேண்டாம். பணம் வருவதும் உண்மை. பக்காயா-சமீரியாவில் முன்பு உள்ளூர் மக்களைத் திருட்டு வேட்டைக்காரர்களாகவே பார்த்தார்கள்; 1990களின் இறுதியிலிருந்து கிராமக் குழுக்களையும் நிர்வாகத்தில் சேர்த்துக்கொண்ட பிறகு காட்டுயிர்கள் மீண்டன என்பதை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். வழிகாட்டியாகவும் படகோட்டியாகவும் வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒருவரிடம் போய் "இது ரப்பர் சீமானின் கப்பல், இறங்கு" என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் கேட்பது வேறு. அந்தக் கப்பலின் மேல்தளத்தில் பயணி எந்த நாற்காலியில் உட்காரவைக்கப்படுகிறார்? சீமானின் நாற்காலியில். கற்பனை செய்யச் சொல்லும்போது ஒருவரைக்கூடச் சுமை தூக்கியவராகவோ தொழுவில் கிடந்தவராகவோ கற்பனை செய்யச் சொல்வதில்லை. மீட்டெடுப்பு என்ற பெயரில் கப்பலோடு சேர்த்து அந்தப் பார்வையும் மீட்டெடுக்கப்படுகிறது. வெள்ளைச் சீருடை போட்ட பழுப்பு நிற மனிதர் குளிர்பானம் கொண்டுவந்து நீட்ட, பயணி தூரத்தில் தெரியும் கிராமத்தைத் தொலைநோக்கியில் பார்க்கிறார்.

இது நமக்கு அந்நியமான பார்வையும் அல்ல. மூணாறிலும் வால்பாறையிலும் நுவரெலியாவிலும் துரை பங்களாவைத் துலக்கி அறைவாடகைக்கு விடுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் பனி, தேயிலை, கூடையோடு பெண்கள். அந்தப் பெண்கள் இரவில் திரும்பும் லயம் ஜன்னலிலிருந்து தெரியாதபடி பார்த்துக்கொள்வார்கள். ஆலப்புழையில் நெல் சுமந்த கெட்டுவள்ளத்துக்குக் குளிரூட்டி மாட்டிப் படகு வீடு ஆக்கினார்கள். காயலைச் சேறு போட்டு அடைத்து அந்த நெல் வயல்களை உண்டாக்கிய புலையர் உழைப்பைப் பற்றிப் படகில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கைத் தடவிப் பார்க்கிறோம். இதையெல்லாம் பார்க்கப் போகும் நம் முற்போக்குத் தோழர்களுக்கும், கோவில் என்றால் வரும் எச்சரிக்கை, காடு என்றால் வருவதில்லை. கோவில் மதில் கட்டியது யார் என்று கேட்கத் தெரிந்தவர்கள் படகுத்துறையில் கேட்பதில்லை. இயற்கைக்குச் சாதியில்லை என்று எங்கோ படித்திருக்கிறோம். இயற்கைக்கு இல்லை, டிக்கெட்டுக்கு இருக்கிறது.

'மனிதக் காலடி படாத காடு' என்ற விளம்பர வாசகத்தையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். பெருவின் தென்கிழக்கே மனு ஆற்றின் மேற்பகுதியில் மாஷ்கோ பீரோ மக்கள் வெளியுலகத் தொடர்பை மறுத்து வாழ்கிறார்கள். 'கற்கால மனிதர்கள்' என்று பயணக் கதைகள் அவர்களைச் சொல்லும். 1894இல் ஃபிட்ஸ்கரால்ட் என்ற ரப்பர் சீமான், ஒரு படகைப் பிரித்து மேட்டைத் தாண்டிச் சுமக்கவைத்து மனுவுக்குள் நுழைந்தபோது, அங்கே வாழ்ந்த அந்த மக்களைக் கூட்டமாகக் கொன்றான். தப்பியவர்கள் காட்டின் உள்ளே போனார்கள். அவர்கள் கற்காலத்தில் தங்கிவிட்டவர்கள் அல்லர், நவீன காலத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவர்கள். ஃபிட்ஸ்கரால்ட் பெயரைத் தழுவி 1982இல் ஜெர்மன் இயக்குநர் ஹெர்சாக் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. மலை மேல் கப்பல் இழுக்கும் கனவு மனிதனாக அதில் அவன் வருகிறான். அந்தப் படப்பிடிப்புக்காகப் போட்ட முகாமை 1979இல் அகுவாருனா மக்கள் எரித்தார்கள் என்பது திரைப்பட விழாக் கலந்துரையாடல்களில் சுவாரசியமான துணைக்கதையாகச் சொல்லப்படும். எனக்கு அதுதான் முதன்மைக் கதை.

பக்காயா-சமீரியா காப்பகம் 20,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதன் ஆற்றங்கரைகளில் குக்காமா மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையில் ஆற்றுக்கு அடியில் ஊர்கள் உண்டு. மூழ்கி உடல் கிடைக்காமல் போனவர்கள் சாகவில்லை, அந்த ஊர்களில் குடியிருக்கிறார்கள். தாய்மார் கரையில் உட்கார்ந்து அவர்களோடு பேசுவார்கள். அந்த ஆற்றுக்குள்தான் எண்ணெய் கசிகிறது. காப்பகத்தின் உள்ளேயே எழுபதுகளிலிருந்து எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. மரான்யோன் வழியாகப் போகும் வடபெரு எண்ணெய்க் குழாய் 2014இல் குனினிக்கோ கிராமத்தருகே உடைந்தது. மீன் செத்து மிதந்தது, தண்ணீர் குடிக்க முடியாமல் போனது. சொகுசுக் கப்பலில் சுத்திகரித்த நீர் கிடைக்கும். கரையில் இருப்பவர்களுக்கு ஆறுதான் குடம்.

குக்காமா பெண்கள் 2001இல் ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள்: ஹுவாய்னகானா கமதஹுவாரா கானா. உழைக்கும் பெண்கள் என்பது பொருள். அதன் தலைவர் மரி லூஸ் கனாகிரி. பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த மீன்பிடிப்பவர்கள், கிழங்கு பயிரிடுபவர்கள். 2021இல் பெரு அரசின்மீதும் எண்ணெய் நிறுவனத்தின்மீதும் வழக்குத் தொடுத்தார்கள். மரான்யோன் ஆற்றுக்கே உரிமைகள் உண்டு, ஓடவும் மாசின்றி இருக்கவும் அதற்கு உரிமை உண்டு என்று 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு தீர்ப்பு நிலைத்தது. 2025இல் கனாகிரிக்கு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. எந்தச் சீமானின் கப்பலும் இந்த வழக்கை நடத்தவில்லை. எந்தப் பயணியின் ஒளிப்படமும் நடத்தவில்லை.

ஆகவே அமேசான் போக வசதியுள்ள தோழர்கள் போகட்டும். எனக்கு வசதியில்லை, இருந்தால் நானும் போவேன். போகுமுன் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்: கப்பல் யாருக்குச் சொந்தம், வழிகாட்டிக்கு என்ன சம்பளம், கரையில் நிறுத்தும் கிராமத்துக்கு என்ன பங்கு, இந்தக் கப்பல் முன்பு எதை ஏற்றியது என்பது அதற்குள் எங்காவது எழுதியிருக்கிறதா, ஸ்பானிய மொழியிலோ ஆங்கிலத்திலோ மட்டுமின்றி அந்த மக்களின் மொழியிலும் இருக்கிறதா. கொலம்பியாவில் அரானாவின் தலைமையிடமான லா சொர்ரேரா வீட்டை அந்த மக்களே எடுத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியாக்கினார்கள். 2012 அக்டோபர் 12 அன்று கொலம்பிய அதிபர் சாந்தோஸ் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க இப்படியும் ஒரு வழி இருக்கிறது; அதில் சீமானின் நாற்காலி தேவைப்படவில்லை.

மரான்யோன் வழக்கில் முதல் தீர்ப்பைச் சொன்ன நீதிமன்றம் இருப்பது நவுட்டாவில். இக்கிட்டோஸிலிருந்து வரும் சாலை முடிகிற, பயணிகள் படகேறுகிற அதே சிற்றூர். துறைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, அந்த நீதிமன்றம் எங்கே என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.